பறக்காத செஸ்னா

ஊருக்குப் போன் பண்ணும்போதெல்லாம் "போயிங்கா, ஏர்பஸ்ஸா?" என்கிறார் மாமா. ரெண்டும் இல்லைங்க. இங்கே நாக்பூரில் ஒரு சேட்ஜியின் செஸ்னா 172 தான் என் பிழைப்பு. 1970-களில் செய்தது, நாலு சீட், என்னைவிட வயசு ஜாஸ்தி :-)

சேட்ஜிக்கு முன்னாடி ஸ்கிரீன் மாட்ட ஆசை. நியாயமான ஆசைதான். பழைய கைரோ மீட்டர்கள் எஞ்சின் சுழற்றும் வாக்குவம் பம்பை நம்பி ஓடுபவை. பம்ப் போனால், மேகத்துக்குள் இறக்கை சாய்ந்திருக்கிறதா என்று தெரிவதே கஷ்டம்.

ஆனால் வண்டி மழைக்காலம் முழுக்க ஹேங்கரில் நின்றது. இந்த லைகாமிங் எஞ்சினில் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கும். மாசக்கணக்கில் நிறுத்தினால் ஆயில் வடிந்து, ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும். அப்புறம் ஓட்டும்போது அந்தத் துருவே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். (தரையிலேயே பத்து நிமிஷம் ஓட்டி வைத்தால் போதும் என்பார்கள். ஆயில் நன்றாகச் சூடேறாமல் ஈரம் போகாது, இன்னும் சேரும்.)

மழை விட்டு நாலைந்து தடவை பறந்தபின் ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்தேன். மடிப்பெல்லாம் மினுமினுப்பு. காந்தம் வைத்தேன், ஒட்டியது. இரும்பு.

"அதிகம் பறக்கவே இல்லையே, எப்படித் தேயும்?"

"பறக்காததால்தான் சேட்ஜி."

கேம்ஷாஃப்ட்டை மாற்ற எஞ்சினை இறக்கி, கிராங்க்கேஸை இரண்டாகப் பிரிக்கணும். ஸ்கிரீன் காசு அதிலேயே போயிடும், மேலேயும் ஆகும். இந்த நிலைமையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். ரெண்டு நாள் பேசவில்லை. வேலை போச்சு என்று வீட்டம்மா புலம்பல் வேறு. மூணாம் நாள் வந்து, "எத்தனை மாசம் ஆகும்?" என்றார்.

எஞ்சின் இப்போ பெட்டிக்குள். ஸ்கிரீன் அடுத்த வருஷம் பார்க்கலாம் மக்களே.