ரொட்டி உறையில் ஒரு ஓவியம்

ரொட்டி வாங்கினால் உறையைப் பிரித்த கையோடு குப்பையில் போடுகிறோம். அதை வைத்து ஓவியமே அச்சடித்திருக்கிறார், அமெரிக்காவில் ஒரு கன்னியாஸ்திரீ! ஓவியம் படிக்கும் என் பெண்தான் புத்தகத்தில் காட்டினாள்.

கொரிட்டா கென்ட் என்று பெயர். லாஸ் ஏஞ்சல்ஸில் கல்லூரி ஓவிய ஆசிரியை. 1962-ல் அந்த ஊரில் ஆண்டி வார்ஹோல் 32 சூப் டப்பா ஓவியங்களை மாட்டிவைத்தார். டப்பா டப்பாவாகவே நிற்கிறது. எனக்கென்னவோ மனசில் ஒட்டவில்லை. கொரிட்டா விஷயம் வேறே. 'ஒண்டர் பிரெட்' உறையிலுள்ள வண்ணப் புள்ளிகளை அதே வருஷம் படமாக்கினார். நம்மூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார்களே, அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, அதன்மேல் மை, தள்ள ஒரு ரப்பர் பட்டை.

1964-ல் செய்த படத்தில்தான் என் கண் நின்றுவிட்டது. ரொட்டி விளம்பர வாசகத்தோடு, சுரங்கத் தொழிலாளியின் மனைவி ஒருத்தி பிள்ளைகளின் பசியைப் பற்றிச் சொன்னதையும், பசித்தவர்களுக்குக் கடவுள் ரொட்டியாகத்தான் வரமுடியும் என்ற காந்திஜியின் கருத்தையும் சேர்த்திருக்கிறார். மாசக் கடைசியில் அரிசி டின்னைத் தட்டிப் பார்த்த நமக்கு இதற்கு விளக்கவுரை வேணுமா, சொல்லுங்கள்?

மாணவிகளிடம் நடுவில் ஓட்டை வெட்டிய அட்டையைக் கொடுத்து, அதன் வழியாகக் கடைகளையும் தெருவையும் பார்க்கச் சொல்வாராம். நானும் ஒரு அட்டையை வெட்டிப் பெருங்காய டப்பாவைப் பார்த்தேன். இருபது வருஷமாகக் கையில் எடுக்கிற டப்பா. மூடியோரத்தில் பூவேலை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.