முறையறிந்து கோத்தல்

பொருள் ஒன்றே ஆயினும், கோக்கும் முறை மாறினால் பயன் மாறும். மின்கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே இணைக்கப்படும் பெடல்கள் இதற்குச் சான்று.

டேவிட் ஆறுமுகமும், 2007 இல் மறைந்த அவர் தம்பி லோகநாதனும் பாடிப் புகழ்பெற்ற ‘அலிகேட்ஸ்’ குழு பினாங்கில் தோன்றியது. இம்மாநிலத் தமிழிளைஞர்க்குக் கிதார் அயற்கருவி அன்று. செபராங் ஜெயாவில் குடியிருந்து, பிறைத் தொழிற்பேட்டையில் உழைக்கும் இளைஞன் ஊதியத்தில் மிச்சம்பிடித்துப் பெடல் வாங்குகிறான். ஒலி தெளியவில்லையெனில் இன்னொன்று வாங்கத் துடிக்கிறான். குறை பெரும்பாலும் வரிசையில்தான்.

‘டிஸ்டார்ஷன்’ ஒலியலையின் உச்சியை வெட்டிக் கரகரப்பாக்கும். ‘டிலே’ எதிரொலி தரும். முன்னது முதலில் நின்றால், கரகரத்த சுரத்தின் எதிரொலிகள் தனித்தனியே தேய்ந்தடங்கும். இடம் மாறினாலோ, சுரமும் எதிரொலியும் கலந்தபின் ஒருசேர வெட்டுண்ணும். தேய வேண்டிய எதிரொலி உரத்தெழுந்து அடுத்த சுரத்தை விழுங்கும்.

வேண்டுமென்றே வரிசை மாற்றுவோரும் உளர். அவர்கள் முறையறிந்து மீறுவோர். மற்றையோர் கடைக்குச் செல்லுமுன் கம்பிகளைக் கழற்றி மாற்றிக் கோத்துப் பார்க்கட்டும். அதற்குச் செலவில்லை, செவியும் பொறுமையும் போதும்.