அடிக்கும் கியரும் அணையாத இன்ஜினும்

ஞாயிறு

நாற்பது பிராயத்தைக் கடந்துவிட்ட எங்கள் ஜெர்மானிய டீசல் கார், கிளட்ச் மிதியின் தயவில்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஜாதியைச் சேர்ந்தது; அது இன்று காலை அண்ணாசாலையில் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதற்கு ஏறியபோது, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் முன்ஸீட்டைப் பற்றிக்கொள்ளும்படி ஓர் உதறு உதறியது. வழியிலிருந்த ஒர்க் ஷாப் ஒன்றில், வண்டியை ஓட்டிப் பாராமலும் பானெட்டைத் திறவாமலும், கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்தே ஆகவேண்டுமென்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். விசாரணைக்கு முந்திய தீர்ப்பில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆகவே வண்டியின் குறைகளைச் சிறிது பெரிது பாராமல் எழுதி வைக்கிறேன்: கியர் ஏறும்போது அடி, சாவியைத் திருப்பிய பிறகும் இன்ஜின் சில விநாடி ஓடிவிட்டுத்தான் அடங்குகிறது, டிரைவர் கதவைப் பூட்டினால் எல்லாக் கதவுகளும் கூடவே பூட்டிக்கொள்ள வேண்டியிருக்க, பின்கதவு ஒன்று மட்டும் அசைவதில்லை, காலையில் ரிவர்ஸ் போட்டால் வண்டி சற்றுத் தாமதித்தே நகர்கிறது.

செவ்வாய்

புதுப்பேட்டையில், பழைய டீசல் வண்டிகளோடேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்ட மெக்கானிக் பாயிடம் போனேன்.

“பாக்ஸை இறக்கணும்னு சொல்றாங்க, பாய்.”

“இறக்கிட்டா வண்டியை ஓட்டிப் பார்க்க முடியாதே, சார். முதல்ல ஆயிலைப் பார்ப்போம்.”

சிறிது தூரம் ஓட்டிப் பாக்ஸைச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, லீவரைப் பார்க்கிங்கில் வைத்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் டிப்ஸ்டிக்கை உருவினார். இன்ஜினை அணைத்துவிட்டால் ஆயில் கீழே வடிந்து மட்டம் பொய்யாக உயர்ந்துவிடும். அதைத் துடைத்த துணிகூட நூல் பிரியாததாக இருக்கவேண்டும். ஏனெனில் உள்ளே போகும் ஒரு நூலிழை, நுண்ணிய வால்வு ஒன்றைத் தடுத்து நிறுத்தப் போதுமானது. மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையே இருப்பது 0.3 லிட்டர்தான். ஆயில் குறைந்தால் பம்பு காற்றையும் சேர்த்து இழுக்கிறது. மிகுந்தால் சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்குகின்றன. இரண்டிலும் அழுத்தம் கெடுகிறது. எங்கள் ஆயில் மட்டத்தில் நின்றது, நிறமும் சிவப்பாகவே இருந்தது. கறுத்துக் கருகல் நாற்றம் அடித்திருந்தால், உள்ளேயுள்ள கிளட்ச் தகடுகள் எரிந்துவிட்டன என்று கொண்டு, ஞாயிற்றுக்கிழமைத் தீர்ப்பையே ஒப்புக்கொள்ள நேர்ந்திருக்கும்.

புதன், இரவு

சுழலும் திரவத்தின் மூலம் இன்ஜினின் சக்தியைக் கடத்தும் உபாயத்துக்கு ஜெர்மனியில் ஹெர்மன் ஃபெட்டிங்கர் 1905-இல் காப்புரிமை பெற்றது கப்பல்களை மனத்தில் கொண்டு. அவ்வுபாயம் 1940-ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபில் கார்களில், ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமாட்டிக் என்ற பெயரோடு, நான்கு கியர்களுடன் சாமானிய டிரைவரின் காலடிக்கு வந்தது. எங்கள் வண்டியின் பாக்ஸிலும் எலெக்ட்ரானிக் மூளை எதுவும் இல்லை. ஆயிலின் அழுத்தமே அங்கே யோசிக்கிறது. வண்டியின் வேகத்தைக் கவர்னர் தெரிவிக்கிறது. ஆக்ஸிலேட்டரில் கால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை ஒரு கேபிள் தெரிவிக்கிறது. இன்ஜின் சுமக்கும் பாரத்தை மாடுலேட்டர் என்னும் சிறு டப்பிக்குள் வந்து சேரும் வேக்கம், அதாவது காற்றை உறிஞ்சியெடுத்த வெற்றிடம், தெரிவிக்கிறது. வேக்கம் நிறைந்திருந்தால் பாரம் குறைவு என்று கொண்டு பாக்ஸ் மெதுவாகப் பிடிக்கிறது. வேக்கம் குன்றினால் பாரம் மிகுதி என்று கொண்டு முழு அழுத்தத்தோடு இறுக்கிப் பிடிக்கிறது. டீசல் இன்ஜினில் காற்றை மறிக்கும் திராட்டில் தகடு கிடையாதாகையால், இந்த வேக்கத்தை உண்டாக்கித் தருவதற்குத் தனியொரு பம்பு வேண்டியிருக்கிறது. அந்தப் பம்பையே நம்பியிருக்கும் மற்றவை எவையென்றால், பிரேக்கின் பூஸ்டர், சாவியைத் திருப்பியதும் இன்ஜினை அணைக்கும் கருவி, கதவுப் பூட்டுகள்! நான் எழுதி வைத்த குறைகளில் மூன்று ஒரே பம்பின் தயவில் வாழ்பவை என்பது இப்போது விளங்குகிறது.

வெள்ளி

அனுமானத்தைப் பிரத்தியட்சமாக்கும் பொறுப்பைப் பாய் ஏற்றுக்கொண்டார். மாடுலேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றினார்; உள்ளே ஆயில் துளி இல்லை, ஆகவே அதன் டயாஃபிரம் கிழியவில்லை. கைப்பம்பினால் அதில் வேக்கம் ஏற்றினார். மீட்டரின் முள் இறங்காமல் நின்றது. ஆனால் இன்ஜின் ஓடும்போது அதே ஹோஸில் மீட்டரை இணைத்தால், வரவேண்டிய வேக்கத்தில் பாதிகூட வரவில்லை. பம்பின் வாயிலோ 20 அங்குலப் பாதரசத்துக்கு மேல் குறைவில்லாமல் காட்டியது. பம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவில் எங்கோ களவு போகிறது என்று தீர்மானித்து, கிளைக்குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தார். கதவுப் பூட்டுகளுக்குப் போகும் கிளையை அடைத்த மாத்திரத்தில் முள் எழுந்தது. அப்படியே வண்டியை வீதியில் ஓட்டினோம். மூன்றாம் கியர் ஏறியது காதுக்குத்தான் தெரிந்தது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உடனே அணைந்தது.

சனி

பின்கதவின் உட்பலகையைக் கழற்றியபோது, பூட்டை இயக்கும் சிறு டப்பியின் ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது தெரிந்தது. அதை மாற்றி, வெடிப்புக் கண்டிருந்த ரப்பர் இணைப்புகளையும் மாற்றிய பிறகு, உதறலும், அணையாமையும், பூட்டாமையும் ஒருங்கே தீர்ந்தன. கியர் பாக்ஸின் நோய் கதவுக்குள் குடியிருக்கலாம் என்பதை, பாக்ஸை எவ்வளவு நேர்த்தியாகப் பிரித்துப் பார்த்திருந்தாலும் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. முதலில் ஆயில், பிறகு வேக்கம், பிறகு கேபிள், கடைசியிலேதான் ஸ்பானர் என்ற பாயின் வரிசை, செலவு குறைந்ததிலிருந்து மிகுந்ததற்கும், மீளக்கூடியதிலிருந்து மீளமுடியாததற்கும் போகிற வரிசை.

மூன்று குறைகளுக்கு ஒரே காரணம் கிடைத்துவிட்டால், நான்காவதையும் அதன் தலையிலேயே ஏற்றிவிட ஆசைப்படுவது மனித சுபாவம். ரிவர்ஸின் காலைத் தாமதம் மட்டும் அப்படியே இருக்கிறது. வயதாகி இறுகிப்போன ஸீல்களின் வழியே அழுத்தம் கசிவதாகப் பாய் நினைக்கிறார். அதற்குப் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். “இப்ப வேணாம், சார். ரிவர்ஸ் போட்டதும் அது பிடிக்கிற வரைக்கும் ஆக்ஸிலேட்டரைத் தொடாதீங்க, இன்னும் கொஞ்ச காலம் ஓடும்” என்கிறார்.