பேய்க்கதைகளிற் காதல்

பேய்க்கதைகள் அச்சச் சுவைக்கென்றே பிறந்தவை என்பது பொதுவான கருத்து. ஆழ்ந்து நோக்குமிடத்து, அவற்றுட் பல முறிந்த காதலின் கதைகளாகவே காணப்படுகின்றன. பழையனூர் நீலி கணவனாற் கொலையுண்டவள். பேயான பின்னரும், மறுபிறப்பெடுத்த அவன்முன் மனைவியின் வடிவிலேயே வந்து பழி தீர்த்தாள். 1818இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்ரைன்' நாவலிலும், அக்கோர உயிர் தன்னைப் படைத்தவனிடம் வேண்டியது ஒரு துணையையே. அத்துணை மறுக்கப்பட்டதன் விளைவாகவே, படைத்தவனின் மணமகள் மணநாளிரவிற் கொலையுண்டாள்.

மாத்தளை உள்ளிட்ட மலைநாட்டுச் சிங்கள ஊர்களின் 'கொஹொம்ப கங்காரிய' சடங்கின் பின்னணியும் இத்தகையதே. இயக்கி குவேனியின் துணையால் அரசு பெற்ற விசயன், அவளிடம் இரு மக்களையும் பெற்றபின், மதுரைப் பாண்டியன் மகளை மணக்கவேண்டி அவளைத் துரத்தினான் என மகாவம்சம் கூறும். அவன் ஆணை பொய்த்த குற்றம், பின்வந்த பண்டுவாசுதேவனை நோயாகப் பற்றிற்று என்றும், அதனை நீக்கவே இச்சடங்கு தோன்றிற்று என்றும் மரபு வழங்குகிறது. அஞ்சப்பட்டவள் குவேனி, ஆயின் சடங்கு கழுவ முனைவதோ அவளைக் கைவிட்டவனின் குற்றத்தை. இது நம் சிந்தனைக்குரியது.

இறத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்த எனக்கு இதனை முதலில் உணர்த்தியவர் என் அப்பாயி. வெள்ளுடையும் கைக்குழந்தையுமாக இரவில் வழிமறித்து, "இந்தப் புள்ளயக் கொஞ்சம் புடிங்க" என வேண்டும் மோகினியின் கதை இலங்கையிற் பல ஊர்களிலும் வழங்குவது. எங்கள் தோட்டத்து மோகினி பாலத்தருகே நிற்பாள் என்பர். அப்பாயி மட்டும் அவளைப் பேய் என்று சொன்னதில்லை. 'அந்தப் புள்ள' என்றே சொல்வார். மழையிரவொன்றிற் பிரசவ வேதனையோடு லொறிக்காகக் காத்திருந்து, ஆசுபத்திரி சேருமுன் வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவள் அவள். ஊரார் அஞ்சி விலகிய அப்பாலத்திற்கு அவள் கணவன் மட்டும் பல மாதங்கள் இரவிற் சென்று அமர்ந்திருந்தானாம். "அவனுக்கென்ன பயம்? அது அவன் பொஞ்சாதிதானே" என்பார் அப்பாயி.

அன்புடையாருக்கு இறந்தவர் பேயாவதில்லை. அன்பு அற்றவிடத்தே அச்சம் குடிபுகுகிறது. அவளுக்கு மோகினி எனப் பெயர் சூட்டியதும், அவ்விரவில் லொறி ஏன் வரவில்லை என்ற வினா எங்கள் தோட்டத்தில் அடங்கிப்போயிற்று. பேய்க்கதையினுள் இருக்கும் காதலை இனங்காண்போர், அடங்கிய அவ்வினாவையும் கேட்கக் கடமைப்பட்டவராவர். பாலத்தில் நின்றவள் வேண்டியதும், பிள்ளையை ஏந்த இரு கைகளையே.