மூணு சக்கரமும் நிக்கணும்

வெட்டப்போகிற ஸ்கூட்டரைப் பட்டறை மாஸ்டர் முதலில் ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கிறார். மூன்றாவது உதையில் அந்தப் பழைய பஜாஜ் சேத்தக் இருமிக்கொண்டு எழுந்தது. ஒரு கையால் ஆக்சிலேட்டரைத் திருகியபடி, மற்றொரு கையை இஞ்சின் மேல்மூடியில் அழுத்தி வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அரை நிமிடம். "கிராங்கு நல்லாக்கீது. போர் மட்டும் போடணும்" என்று உதவிக்கு நின்ற பையனிடம் சொல்லிவிட்டு அணைத்தார். பத்து நிமிடம் கழித்து, காலை ஊன்றும் இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு, கிரைண்டரை இறக்கினார். பச்சைப் பெயின்ட் கருகும் வாடை சந்து முழுக்கப் பரவியது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கும் ராயபுரம் ரயில் நிலையத்துக்கும் இடையில் இருக்கிற சந்து அது. குட்டியானை லோடு வண்டி வந்தால் நடந்துபோகிறவர்கள் அடுத்த வீட்டுப் படியில் ஏறி நின்று வழிவிட வேண்டும். பட்டறை என்றால் நான்கு இரும்புக் கம்பமும் தகரக் கூரையும்தான். வெல்டிங் மெஷின், ஒரு வைஸ், சுவரில் கம்பியில் கோத்துத் தொங்கும் பிரேக் ஷூக்கள். இங்கேதான் மீன்பாடி வண்டி பிறக்கிறது.

வடசென்னைக்காரர்களுக்கு மீன்பாடி வண்டியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முன்னால் இரண்டு சக்கரம், அதன்மேல் ஒரு பலகை மேடை, பின்னால் பாதி ஸ்கூட்டர். ஓட்டுகிறவர் சரக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். மிதிவண்டியாக மீன் கூடை சுமந்த வண்டிக்கு யாரோ பழைய ஸ்கூட்டர் இஞ்சினை மாட்ட, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இன்று மீனைவிட ஐஸ், கட்டுமானக் கம்பி, தண்ணீர் கேன், பழைய பேப்பர், கல்யாண வீட்டு அண்டா என்று எல்லாம் அதில்தான் போகிறது.

அமெரிக்காவில் ஹாட் ராட் என்று ஒரு மரபு உண்டு. 1932-இல் ஃபோர்டு கொண்டுவந்த மலிவான வி8 இஞ்சினையும் ஓடாத பழைய கார், பிக்கப் உடல்களையும் சேர்த்து, மட்கார்டு முதல் பம்பர் வரை வேண்டாததை எல்லாம் கழற்றிவிட்டு, கலிஃபோர்னியாவின் காய்ந்த ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் பந்தயம் விட்டார்கள். 1948 ஜனவரியில் அதற்கென்றே ஒரு மாத இதழ் தொடங்கப்பட்டது; அந்தப் பட்டறைக்காரர்களின் பெயர்களைப் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் எடையைக் கழித்தது வேகத்துக்காக. காசிமேட்டில் கழிப்பது சுமைக்காக. கழிக்கிற கண் இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. இந்தச் சந்தில் இருப்பவர்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. நான் போனதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. பல வருடங்களுக்கு முன் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் என் சித்தப்பா சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் கம்பி ஏற்றி வந்த மீன்பாடி வண்டியால் நிற்க முடியவில்லை. அவருடைய வலது முழங்கால் அன்றோடு மடங்குவதை நிறுத்திவிட்டது. வண்டி ஓட்டியவர் ஓடிப்போகவில்லை. அவரே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்து, வாசலில் உட்கார்ந்து அழுதார். வண்டிக்கு நம்பர் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை. யாரிடம் போய் எதைக் கேட்பது? சித்தப்பா இப்போதும் தாங்கித்தான் நடக்கிறார்.

இதை மாஸ்டரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எந்த வண்டி சார்? சைக்கிள் சக்கரம் போட்டதா, ஸ்கூட்டர் சக்கரம் போட்டதா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "சைக்கிள் சக்கரமாத்தான் இருக்கும். அதுல முன்னாடி பிரேக்கே வராது" என்றார். அடுத்த மூன்று நாளும் அவர் எனக்குக் காட்டியது பெரும்பாலும் பிரேக்கைத்தான்.

அதற்கு முன் இஞ்சின். திருவொற்றியூரில் 1950-களிலேயே புல்லட் செய்யத் தொடங்கிய தொழிற்சாலை இங்கிருந்து அதிக தூரமில்லை. அவ்வளவு வலுவான இஞ்சின் பக்கத்திலேயே கிடைக்க, 150 சிசி கூட நிரம்பாத சேத்தக் எதற்கு என்று கேட்டேன். சிரித்தார். "புல்லட்டு காத்து வாங்கி ஓடுற வண்டி சார். ஐஸ் ஏத்திக்கினு செகண்டு கியர்லயே ஊர்ந்தா அதுக்கு காத்து எங்க வரும்? இத்த பாருங்க." மேக்னெட் மூடியைக் கழற்றினார். உள்ளே மேக்னெட்டோடு சேர்ந்தே வார்த்த விசிறி இதழ்கள். இஞ்சின் எவ்வளவு சுற்றுகிறதோ அவ்வளவு காற்றைத் தானே சிலிண்டர்மேல் ஊதிக்கொள்ளும். வண்டி மெதுவாகப் போனாலும் கீழ் கியரில் இஞ்சின் வேகமாகத்தான் சுற்றும். சுமை ஏறிய நேரத்தில்தான் அதற்குக் காற்று அதிகம் கிடைக்கிறது. சின்னச் சக்கரம் என்பதால் இழுவையும் கூடுதல். பின்சக்கரம் கியர்பாக்ஸ் அச்சிலேயே நேராக உட்கார்ந்திருக்கிறது, செயின் கிடையாது. உப்புக் காற்றில் செயின் எத்தனை நாள் தாங்கும்? ஒற்றைச் சக்கரம்தான் வண்டியைத் தள்ளுகிறது என்பதால் டிஃபரென்ஷியலும் தேவையில்லை.

ஸ்கூட்டரைச் சரக்கு வண்டியாக்கும் யோசனை இவர்களுடையது மட்டுமல்ல. இத்தாலியில் பியாஜியோ கம்பெனி 1948-லேயே வெஸ்பாவோடு பின்னால் இரண்டு சக்கரமும் தொட்டியும் சேர்த்து 'ஆப்பே' என்ற மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. வெஸ்பா வடிவமைப்பிலிருந்து வந்ததுதான் 1972-இல் பிறந்த சேத்தக்கும். அங்கே விமான இஞ்சினியர் ஒருவர் வரைபடம் போட்டுச் செய்ததை இங்கே சாக்கட்டியும் நூலும் வைத்துச் செய்கிறார்கள்.

நூல் என்றால் நிஜமாகவே நூல். மேடைக்கு ஆங்கிள் இரும்பை நான்கு மூலையிலும் டாக் அடித்துவிட்டு, மூலைக்கு மூலை கொத்தனார் நூலைப் பிடித்தார்கள். இரண்டு குறுக்கு அளவும் ஒன்றாக வரும்வரை சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தார் மாஸ்டர். அதன் பிறகுதான் முழு வெல்டிங். அச்சை மேடைக்கு நடுவில் வைப்பதில்லை. நடுவிலிருந்து ஒரு சாண் முன்னால் தள்ளி வைக்கிறார். நடுவில் வைத்தால் சுமை முழுவதும் முன்சக்கரத்தில் இறங்கி, பின்சக்கரம் தரையைப் பிடிக்காது. மேம்பாலம் ஏறும்போது மீன் தண்ணீர் வழிந்த ரோட்டில் பின்சக்கரம் சும்மா சுற்றும். அதிகமாக முன்னால் தள்ளினாலும் ஆபத்து. அப்போது பாரமெல்லாம் பின்டயர் தலையில் விடியும். அந்த ஒரு சாண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "வுயுந்து வுயுந்து வந்தது" என்றார்.

மேடையும் ஸ்கூட்டரும் சேருகிற இடத்தில் எண்ணூர் பக்கம் ஓடி ஓய்ந்த லாரியின் கிங்பின் நிற்கிறது. வண்டி திரும்புவது அந்த ஒற்றை முளையில்தான். ஹேண்டில்பாரை மேடையின் பின்விளிம்பில் பற்றவைத்து, மேடையையே தள்ளித் திருப்ப வேண்டும். கிளட்ச், கியர், ஆக்சிலேட்டர் கேபிள்கள் மேடையிலிருந்து முளையைத் தாண்டி இஞ்சினுக்குப் போகின்றன. முளையைவிட்டு விலக்கிக் கொண்டுபோனால், வண்டி முழுக்க ஒடியும்போது கேபிள் இழுபட்டுக் கிளட்ச் தானே விடும். பாரத்தோடு மேட்டில் நிற்கிற வண்டி பின்னால் உருளும். அதனால் எல்லாக் கேபிளையும் முளையோடு ஒட்டி, பழைய டியூப் ரப்பரால் கட்டுகிறார்கள். பையன் மேடையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்துக் காட்ட, மாஸ்டர் கிளட்ச் லீவரை விரலால் தொட்டுக்கொண்டு நின்றார். இருபது தடவையாவது இருக்கும்.

இப்போது பிரேக். சாதாரணமாகச் செய்கிற மீன்பாடி வண்டிகளில் பலவற்றுக்கு ஸ்கூட்டரின் பின்பிரேக் மட்டும்தான். சுமை முன்னால் இருக்கிறது, பிரேக் அடித்ததும் பாரம் இன்னும் முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. பாரமே இல்லாத சக்கரத்தைத்தான் பிரேக் பிடிக்கிறது. அது பூட்டிக்கொண்டு வழுக்கும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். சித்தப்பாவின் முழங்காலை உடைத்தது இந்தக் கணக்குதான் என்பது எனக்கு அந்தச் சந்தில்தான் புரிந்தது.

மாஸ்டர் முன்னால் இரண்டு பக்கமும் சேத்தக்கின் முன்ஹப்பை, டிரம் பிரேக்கோடு, போடுகிறார். ஒரு ஸ்கூட்டருக்கு முன்ஹப் ஒன்றுதான். ஆக, ஒரு வண்டி பிறக்க இரண்டு சேத்தக் சாக வேண்டும். புதிய சேத்தக் பெட்ரோல் ஸ்கூட்டர் வருவது நின்று பல வருடம் ஆகிவிட்டது. புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்துதான் ஹப் பிடிக்கிறார்கள். இரண்டு பிரேக்குக்கும் மிதி ஒன்றுதான். நடுவில் ஓட்டை போட்ட ஒரு சின்னப் பட்டைத் தகடு, தராசுக் கோல் மாதிரி. அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கேபிள். மிதித்தால் கோல் தானே சாய்ந்து, இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைச் சமமாகப் பிரித்துவிடும். தீப்பெட்டி நீளம்கூட இல்லாத அந்தத் தகட்டை அவர் அரத்தால் ராவிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, இந்த மொத்த வண்டியிலும் மிக முக்கியமான பொருள் இதுதான் என்று தோன்றியது. ஆனால் இதற்குக் கூடுதல் பணம் ஆகிறது. "வோணாம்னு சொல்றவன்தான் ஜாஸ்தி. அவனுக்கு நான் வண்டி கட்றதில்ல. பக்கத்துத் தெருவுல கட்டிக்கினு போய்டுவான்" என்றார். அதில் கோபம் இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, நான்குக்குக் குறைந்த சக்கரம் உள்ள வண்டியின் இஞ்சின் 25 சிசியைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம்; பதிவு இல்லாமல் ரோட்டில் ஓடக் கூடாது. தயாரித்த கம்பெனி கொடுத்த அடிப்படை வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லிவிட்டது. இரண்டும் சரியான காரணத்துக்காக வந்தவை. முழங்கால் போன வீட்டிலிருந்து வருகிற நான் அதை மறுக்க மாட்டேன். ஆனால் டெல்லியில் பதிவே இல்லாமல் ஓடிய மின் ரிக்‌ஷாக்களை 2014 ஜூலையில் உயர் நீதிமன்றம் நிறுத்தியபோது, அதே ஆண்டு மத்திய அரசு விதியைத் திருத்தி அவற்றுக்கு ஒரு பெயரும் வரம்பும் கொடுத்தது. வேகம் 25 கிலோமீட்டர், சரக்கு வண்டி என்றால் 310 கிலோ வரை என்று எழுதிவைத்தார்கள். இந்தச் சந்தின் வண்டிக்கு மட்டும் அப்படி ஒரு வரி ஏன் எழுதக் கூடாது? சோதித்த பிரேக், புகைக்குப் பதில் பேட்டரி, ஒரு நம்பர் பிளேட். மாஸ்டரிடம் கேட்டால் பிரேக் எப்படி இருக்க வேண்டும் என்று முதல் பத்தியையே அவர் எழுதிக் கொடுப்பார். இன்றைக்கு நல்ல பிரேக் போட்ட வண்டியும் பிரேக்கே இல்லாத வண்டியும் பிடிபட்டால் ஒரே காயலான் கடைக்குத்தான் போகின்றன.

மூன்றாம் நாள் மாலை வண்டிக்காரர் வந்தார், கூடவே அவர் அம்மா. காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். துறைமுகம் மறுபடி நிறைவதற்குள் வண்டி வேண்டும். அந்தம்மா மேடைப் பலகையைத் தட்டிப் பார்த்தார். "தம்பி, ஓரத்துல தகரம் மடிச்சு வுடு. ஐஸ் தண்ணி அவன் காலுக்கு வருது, புண்ணாவுது." மாஸ்டர், "சரிக்கா" என்று உடனே சாக்கட்டியால் குறித்துக்கொண்டார்.

பிறகு சோதனை ஓட்டம். சுமைக்குச் சந்துப் பிள்ளைகள் ஆறு பேர் மேடையில் ஏறிக்கொண்டார்கள். தெருக்கோடியில் மணல் படிந்த இடம்வரை ஓட்டி வந்து வண்டிக்காரர் பிரேக்கை மிதித்தார். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கத்தினார்கள். மாஸ்டர் வண்டியைப் பார்க்கவே இல்லை. மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூன்று கோடுகளையும் விரலால் அளந்தார். இடதுசக்கரக் கோடு அழுத்தமாக இருந்தது. வலதுசக்கரக் கோடு கால் அடி தள்ளித்தான் தொடங்கியது. மேடைக்கு அடியில் படுத்து, வலதுபக்கக் கேபிள் நட்டை அரைச் சுற்று முறுக்கினார்.

"எல்லாரும் ஏறு. இன்னொரு தபா."