பூவராகர் ஊரில் ஒரு ஹாம் ரேடியோ போட்டி: 48 மணி நேரமும் ஒரு ஸ்கோர்போர்டும்!

சனிக்கிழமை அதிகாலை 5.25. ஸ்ரீமுஷ்ணத்தில் பெரியப்பா வீட்டு மாடி அறை. தலையில் ஹெட்போன், கையில் காபி டம்ளர். "இன்னும் அஞ்சு நிமிஷம்மா" என்றார் பெரியப்பா. தெருவில் வாசல் தெளிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சரியாக 5.30-க்கு மேசைமேல் இருந்த ரேடியோவில் ஒரே கூச்சல். சந்தைக்கு நடுவில் நின்றதுபோல ஒருவர் குரல்மேல் இன்னொருவர் குரல். சர்வதேச நேரப்படி அப்போது நள்ளிரவு 12 மணி. 'சிக்யூ வேர்ல்டு வைடு' என்ற ஹாம் ரேடியோ போட்டி தொடங்கிவிட்டது. 1948 முதல் நடக்கும் போட்டி இது. அக்டோபர் கடைசி வார இறுதியில் குரலுக்கு, நவம்பர் கடைசி வார இறுதியில் மோர்ஸ் குறியீட்டுக்கு. 48 மணி நேரத்தில் எத்தனை நாடுகளின் ஹாம்களோடு பேச முடிகிறது என்பதுதான் பந்தயம்.

நான் வேலை பார்ப்பது டிஜிட்டல் டெஸ்க்கில். எந்தக் கட்டுரையை இந்த நிமிடம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று காட்டும் திரை எங்கள் தலைக்குமேல் ஓடிக்கொண்டே இருக்கும். ரேடியோ போட்டிக்கும் அப்படியொரு நேரலைத் திரை உண்டு என்று அப்பா சொன்னதும், லீவு போட்டுக் கிளம்பிவிட்டேன்.

தென்னை மரமும் பீங்கான் முட்டையும்

சென்னை எழும்பூரிலிருந்து ரயிலில் விருத்தாசலம். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 20 கிலோமீட்டர். விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலுக்கும் பீங்கானுக்கும் பேர்போன ஊர். பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தர அங்கே அரசுக் கல்வி நிறுவனமே இருக்கிறது. ஓய்வுபெறும்வரை அந்த ஊரில் ஒரு சிறிய பீங்கான் பட்டறைக்குத்தான் தினமும் பஸ்ஸில் போய்வந்தார் பெரியப்பா.

அவருடைய ஆன்டெனாவைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். கொல்லைத் தென்னை மரத்துக்கும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே கட்டிய, சுமார் 20 மீட்டர் நீளச் செம்புக் கம்பி. அவ்வளவுதான். கரன்ட் கம்பத்தைத் தாங்கும் ஸ்டே கம்பியின் நடுவில் முட்டை மாதிரி ஒரு பீங்கான் தொங்குமே, பார்த்திருப்பீர்கள். அதே போன்ற பீங்கான் முட்டைகள் கம்பியின் இரண்டு முனைகளிலும் இருக்கின்றன. சக்தி மரத்திலும் சுவரிலும் கசிந்து போகாமல் தடுக்கும் வேலை அவற்றுக்கு.

"7 மெகாஹெர்ட்ஸுக்கு அளந்து வெட்டினது. மூணு மடங்கு, 21-லயும் நல்லா வேலை செய்யும். ஒரு கம்பியில ரெண்டு பேண்டு" என்று சிரித்தார். ரேடியோவின் திறன் 100 வாட். நம் வீட்டு பழைய குண்டு பல்பு ஒன்று எரியும் அளவு. அந்த அலைகள் வானில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி பூமியில் இறங்குகின்றன. காலையில் ஜப்பான், மாலையில் ஐரோப்பா என்று நேரத்துக்கு நேரம் கதவுகள் திறந்து மூடுகின்றன.

ஸ்கோர் ஏறும் கணக்கு

ஒவ்வொரு பேச்சும் சில விநாடிகள்தான். அழைப்புக் குறி, "ஃபைவ் நைன், டூ டூ", நன்றி, முடிந்தது. முதலில் வருவது சிக்னல் எப்படிக் கேட்கிறது என்ற மதிப்பெண். 22 என்பது இந்தியா, இலங்கை, மாலத்தீவு உள்ளிட்ட பகுதியின் மண்டல எண். உலகம் இப்படி 40 மண்டலங்கள்.

வேறு கண்டத்தில் இருப்பவரோடு பேசினால் 3 புள்ளி. ஆசியாவுக்குள்ளேயே வேறு நாடு என்றால் 1. சொந்த நாட்டுக்காரரோடு பேசினால் புள்ளியே கிடையாது. ஆனால், ஒவ்வொரு பேண்டிலும் புதிதாகக் கிடைக்கும் ஒவ்வொரு நாடும், ஒவ்வொரு மண்டலமும் ஒரு பெருக்கி. மொத்தப் புள்ளியைப் பெருக்கிகளின் எண்ணிக்கையால் பெருக்குவதுதான் ஸ்கோர்.

கையில் 1,200 புள்ளி, 100 பெருக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோர் 1,20,000. ஏற்கெனவே பிடித்த ஒரு ஐரோப்பிய நாட்டோடு மறுபடி பேசினால் 300 கூடும். அதுவே புது நாடு என்றால் 1,503 கூடிவிடும். பெரிய போட்டிகளில் இந்தியாவிலிருந்து கேட்கும் குரல்கள் குறைவு. அதனால் வெளிநாட்டுக்காரர்களுக்கு நாம் ஒரு பெருக்கி. "விக்டர் யூனிஃபார்ம்..." என்று பெரியப்பா குறியைத் தொடங்கியதும் அத்தனை பேர் முண்டியடித்தது அதனால்தான்.

முன்பெல்லாம் இவ்வளவும் தனிமையில் நடந்தது. இரண்டு நாள் கத்திவிட்டு, பதிவேட்டைத் தபாலில் அனுப்பிவிட்டு, முடிவு பத்திரிகையில் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது, பேச்சுகளைப் பதியும் கணினி மென்பொருளே சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஸ்கோரை இணையத்துக்கு அனுப்பிவிடுகிறது. அழைப்புக் குறி, பிரிவு, பேச்சுகளின் எண்ணிக்கை, ஸ்கோர் எல்லாம் திரையில் வரிசையாக வரும். பல கோபுரங்கள் நட்டிருக்கும் பெரிய நிலையங்களும் தென்னை மரத்துக் கம்பியும் ஒரே பட்டியலில்.

"எத்தனையாவது இடம் பெரியப்பா?" என்று பத்து முறையாவது கேட்டிருப்பேன். "அதை நீ பாரு. எனக்குக் காதுல வேலை இருக்கு" என்றார்.

அந்தப் பட்டியலை இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் இருக்கும் அக்கா, பெரியப்பாவின் ஒரே மகள். பெரியம்மா இறந்தபிறகு பெரியப்பா தனியாகத்தான் இருக்கிறார். அக்காவுக்கு ரேடியோவில் துளியும் ஆர்வம் கிடையாது. "எண்ணிக்கை ஏறிச்சுன்னா அப்பா சாப்பிட்டு, முழிச்சு, நல்லா இருக்கார்னு அர்த்தம்" என்று போனில் சொன்னார்.

கோரைக்கிழங்கு பிரசாதம்

காலை அலைகள் சற்று ஓய்ந்ததும் கோயிலுக்கு நடந்தேன். பெருமாள் தானாகத் தோன்றியதாகப் போற்றப்படும் எட்டுத் தலங்களில் ஸ்ரீமுஷ்ணமும் ஒன்று. ஸ்ரீரங்கமும் திருப்பதியும் அந்த எட்டில்தான் வருகின்றன. பூமியை மீட்டெடுத்த பூவராகர் இங்கே மேற்கு நோக்கி நின்று, முகத்தை மட்டும் தெற்கே திருப்பியிருக்கிறார். நாயக்கர் காலத் தூண் சிற்பங்களைப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும். வராகருக்குப் பிடித்தது என்று கோரைக்கிழங்கை நைவேத்தியம் செய்வது இந்தக் கோயிலின் வழக்கம்.

மாசி மகத்துக்கு உற்சவர் இங்கிருந்து கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். அங்கே இஸ்லாமியர்களும் கூடி நின்று பெருமாளை வரவேற்பது பல தலைமுறைப் பழக்கம்.

திரையில் நின்றுபோன வரிசை

மாலையில் ஐரோப்பா திறந்தது. எண்ணிக்கை 212 ஆனபோது மணி இரவு 7.40. வடகிழக்குப் பருவமழை ஆயிற்றே, கிழக்கே ஒரு மின்னல். பெரியப்பா யோசிக்கவே இல்லை. ஆன்டெனா கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டார். அடுத்த ஐந்தாவது நிமிடம் கரன்ட் போனது. வைஃபை போனது. கொஞ்ச நேரத்தில் என் செல்போனிலும் சிக்னல் இல்லை.

ஒரு மணி நேரம் மழை கொட்டித் தீர்த்தது. இடி தூரப் போனதும் கேபிளை மாட்டி, ரேடியோவையும் லேப்டாப்பையும் 12 வோல்ட் லாரி பேட்டரிக்கு மாற்றினார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் போலந்து கேட்டது, இத்தாலி கேட்டது. ஊரே இருட்டு, போன் இல்லை, நெட் இல்லை. அவர் மட்டும் உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். எனக்கு ஸ்கோர்போர்டு நினைவாகவே இருந்தது. அங்கே நம் வரிசை 212-லேயே நின்றிருக்கும்.

"அக்கா பயந்திருப்பாங்களே பெரியப்பா... சிங்கப்பூர் ஹாம் யார்கிட்டயாவது சொல்லச் சொல்லலாமா?"

தலையை ஆட்டி மறுத்தார். சாதாரண நாளில் மூன்றாம் நபருக்கான சேதியை ஹாம் ரேடியோவில் அனுப்பக் கூடாது என்பது விதி. பேரிடரில் மற்றத் தொடர்புகள் அறுந்தால்தான் அதற்கு விலக்கு. பிறகு அவரே 2004 டிசம்பரைப் பற்றிப் பேசினார். கிள்ளைப் பக்கத்து மீனவக் குடியிருப்புகளைச் சுனாமி வாரிக்கொண்டு போன அதே நாளில், ஹைதராபாத் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் பாரதி பிரசாத்தும் குழுவினரும் போர்ட் பிளேரில் இருந்தார்கள். அரிதாக அனுமதி கிடைக்கும் அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசத்தான் போயிருந்தார்கள். சுனாமி வந்ததும் அந்த ரேடியோக்களே தீவுகளுக்கும் வெளியுலகுக்கும் நடுவே அவசரச் சேதிகளைக் கொண்டுபோயின.

"இரைச்சலுக்கு நடுவுல ஒரு பேரைத் தப்பில்லாம கேட்டு எழுதணும். அன்னிக்கு வேண்டியிருந்ததும் அதுதான். இந்தப் போட்டி அதுக்கு ஒரு பயிற்சி" என்றார் பெரியப்பா.

இரவு 11.10-க்கு கரன்ட் வந்தது. லேப்டாப் தேங்கியிருந்த ஸ்கோரை அனுப்பியது. திரையில் 212 ஒரே தாவலில் 261 ஆனது. என் போனில் அக்காவின் தவறிய அழைப்புகள் பதினொன்று. சிங்கப்பூரில் அப்போது நள்ளிரவு தாண்டி 1.40. நான் டைப் செய்வதற்குள் அவரிடமிருந்தே ஒரு வரி வந்தது: "261 பார்த்துட்டேன். தூங்கப் போறேன்."

முடிவு இன்னும் வரவில்லை

திங்கள் காலை 5.29-க்கு ரேடியோ சட்டென்று அமைதியானது. பெரியப்பா ஹெட்போனைக் கழற்றினார். இரண்டு காதும் சிவந்திருந்தன.

நேரலையில் பார்த்தது இறுதி ஸ்கோர் ஆகாது. பதிவேடுகளை ஐந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும். உலகெங்கிலுமிருந்து வந்தவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள். ஓர் எழுத்தைத் தவறாகக் கேட்டு எழுதியிருந்தாலும் அந்தத் தொடர்பு போய்விடும், அதற்குமேல் அபராதப் புள்ளியும் கழியும். எங்கள் ஆபீஸ் திரைக்குப் பின்னாலும் இப்படியொரு ஒப்பீடு இருந்தால் எத்தனை தேறும் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்களுக்கும் ஆசை வந்தால், 12 வயது நிறைந்த யாரும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை எழுதி ஹாம் உரிமம் பெறலாம். அடிப்படை எலெக்ட்ரானிக்ஸும் விதிமுறைகளும்தான் பாடம்.

பஸ் ஏற்றிவிட வந்த பெரியப்பாவிடம், மோர்ஸ் போட்டி எப்போது என்று அக்கா கேட்கச் சொன்னதைச் சொன்னேன்.

"நவம்பர் கடைசின்னு சொல்லு. ஏன், அவளுக்கு எதுக்கு?"

"அன்னிக்கும் பார்க்கணுமாம்."

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. பஸ் நகர்ந்தபிறகு ஜன்னல் பக்கம் ஓடிவந்து, "புது பேட்டரி ஒண்ணு வாங்கிடறேன்னு சொல்லு. நெட்டுக்கும் சேர்த்து" என்றார்.