ஆவணி மாதத்தில் ஆறு பார்க்கப் போவம்

கித்துல்கலவுக்கு வான் பிடிச்சுப் போய், களனி கங்கையில் ராஃப்டிங் செய்து, ஃபோட்டோ போடுகிற ஆக்கள் நாங்கள். ஆனால் "வவுனியாவில என்ன ஆறு இருக்கு?" என்று ஆராவது கேட்டால் ஆளையாள் பார்ப்போம்.

இருக்கு. கனகராயன் ஆறு. வவுனியா மாவட்டத்தின் வடக்கில் பிறந்து, முல்லைத்தீவு மாவட்டத்தினூடாக ஓடி, கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தை நிரப்பி, கடைசியில் சுண்டிக்குளம் கடனீரேரியில் சேருகிறது. ஏறத்தாழ 86 கிலோமீற்றர்.

களனிக்கு மலைநாட்டு மழை இருக்கு. எங்கட ஆற்றுக்கு வடகீழ்ப் பருவமழை மட்டும்தான். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணி வரும், மார்கழியில் பெருகும், கோடையில் மணல்தான் மிஞ்சும். அதனால் எங்கட விளையாட்டும் மாதத்துக்கு மாதம் மாறும். மாரி ஓய்ந்து தண்ணி தெளிந்ததும் குளிப்பு. வற்ற வற்ற, மடுக்களில் தூண்டில். முழுக்கக் காய்ந்தால் ஆற்று மணலிலேயே கிரிக்கெட். இரணைமடு நிரம்பினால் வான் கதவு திறக்கிறதைப் பார்க்கக் குடும்பத்தோடு போற சனம் ஒரு பக்கம். அதே தண்ணி 2018 டிசம்பரில் கிளிநொச்சி ஊர்களுக்குள் புகுந்ததையும் மறக்கேலாது.

தண்ணி இல்லாத மாதங்களில்தான் ஆற்றுக்கு ஆபத்து. அப்பதான் மணல் அள்ள டிப்பர் இறங்கும். மணல் என்றது சும்மா கிடக்கிற சாமான் இல்லை. மாரித் தண்ணியைக் கோடைக்குப் பிடித்து வைத்திருப்பது அதுதான். கரையோரக் கிணறுகளும் மருத மரங்களும் அதை நம்பித்தான் நிற்கின்றன. அள்ளின இடத்தில் கிடங்கு விழும். அடுத்த மாரியில் கலங்கல் தண்ணி கிடங்கை மூடிவிடும். "போன வருசம் இடுப்பளவுதானே, பாய் மச்சான்" என்கிற கணக்கு அந்த இடத்தில் பிழைக்கும். நீச்சல் தெரிந்தவனுக்கும் அது பொறிதான்.

ஆகவே, குளிக்க இறங்க முதல் அந்த ஊர் ஆக்களிட்டக் கேளுங்கோ: எங்க அள்ளினவை? முதலை நடமாட்டம் இருக்கோ? மேலே மழை பெய்ததோ? வெட்கப்பட ஒன்றுமில்லை, பிள்ளையளோடு போறவை கட்டாயம் கேட்க வேணும்.

அதோடு இன்னொன்று. இந்த ஆவணியில், தண்ணியே இல்லாத நேரம், ஒருக்கால் ஆற்றுக்குள் நடந்து பார்ப்பம். எந்த வளைவில் கிடங்கு, எந்தக் கரை இடிஞ்சு போச்சு, எந்த மருதின் வேர் வெளியில தெரியுது என்று ஃபோட்டோ எடுப்பம். கித்துல்கலப் படத்துக்குப் பக்கத்தில் அதையும் போடுவம்.